ராக்கு சொல்லாத வசவு

“இம்புட்டு எலையக் கொட்டி வச்சிருக்கியே, யாரு அள்ளுறது, ஒங்க ஆத்தாளா?” என்று பலாமரத்தை வைதுகொண்டேதான் ராக்கு காலையில் தன் ஏலத்தோட்டத்துக்குள் நுழைவாள்.

போடிமெட்டுச் சரிவில் அவளுக்கு இருப்பது ஒரே ஏக்கர். செடிகளுக்கு நிழல் தரும் பலா, அகில் எல்லாமே அவளிடம் தினமும் ஏச்சு வாங்கும். சோம்பேறி, விடியாமூஞ்சி, வெக்கங்கெட்ட பய. புருஷனைத்தான் திட்டுகிறாள் என்று அக்கம்பக்கத்தில் முதலில் நினைத்தார்களாம். புருஷனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவரிடம் அவள் அதிகம் பேசுவதே கிடையாது.

போன ஆடிக்காற்று அவளுடைய ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் கூரைத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து பச்சைக்காயாகவே விற்கிறாள். வியாபாரி வைத்ததுதான் விலை. அந்த நேரம் பார்த்து கார்பன் கம்பெனிக்காரன் ஈஸ்வரன் ஜீப்பில் வந்து இறங்கினான். காற்றிலுள்ள கரிப்புகையை மரம் உறிஞ்சுகிறதாம்; அதை வெட்டாமல் காப்பவர்களுக்கு வருஷா வருஷம் வெளிநாட்டுப் பணம் வருமாம். மரத்துக்கு மரம் மஞ்சள் நாடா கட்டினான். ராக்கு காப்பி போட்டுக் கொடுத்தாள். மனசுக்குள் கூரையும் போட்டு முடித்துவிட்டாள்.

அப்புறம்தான் அவன் அவள் பேசுவதைப் படம் பிடிக்கச் செல்போனை நீட்டினான். “இந்த மரத்தையெல்லாம் வெட்டி விக்கிறதா இருந்தேன், நீங்க வந்ததால விட்டுட்டேன்னு சொல்லுங்கக்கா. வெட்டப் போறவங்களத் தடுத்தாத்தான் பணம். சும்மா நிக்கிற மரத்துக்குத் தர மாட்டாங்க.”

“நான் எங்கய்யா வெட்டப் போறேன்னேன்?”

“பக்கத்துத் தோட்டத்து வேலுச்சாமி அண்ணன் சொல்லிட்டாரே.”

“அவரு பாதிய வெட்டி வித்தவரு. மீதியையும் வெட்டுவேன்னாரு, காசு குடுத்தீக. ஒண்ணையும் வெட்டாத சிறுக்கி பொய் சொன்னாத்தான் குடுப்பீகளோ?”

ஈஸ்வரன் சிரித்தான். “தினமும்தான் மரத்த வையிறீங்களாமே. இதுவும் ஒரு வார்த்தைதானக்கா?”

ராக்குவுக்குச் சுருக்கென்றது. அவள் வாயில் வராத வசவு இல்லை, வாஸ்தவம். ஆனால் வெட்டிப்போடுவேன் என்று மட்டும் எந்த மரத்தையும் அவள் சொன்னதே இல்லை. மரத்தைக் காப்பாற்ற வந்த பணம் அதையல்லவா சொல்லச் சொல்கிறது! கோபம் வராமல் என்ன செய்யும்?

“போன உள்ள வையி அப்பு. மழ வருது, வெரசா கெளம்பு. எனக்குச் சோலி கெடக்கு.”

ஜீப்பு வளைவில் மறைவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. ராக்கு பலாவில் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்தாள். மழைக்குத் தலையில் போட்டுக்கொண்ட பிளாஸ்டிக் தாளை இடுப்போடு சேர்த்து அந்த நாடாவால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, காய் எடுக்கக் குனிந்தாள்.