பிராந்தி ஊற்றாத நத்தார் கேக்

எங்கள் வீட்டில் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, எப்போதும் இரண்டு தட்டு கேக். ஒன்று எங்களுக்கு, மற்றது பக்கத்து வீட்டு முஸ்லிம் தையல்காரர் நானாவின் குடும்பத்துக்கு. நவம்பர் கடைசியில் பிளம்ஸ், கஜு, சீனிப்பாகில் ஊறிய பூசணி தோசி எல்லாவற்றையும் எல்லோருமாக உட்கார்ந்து பொடியாக வெட்டுவோம். எங்கள் பங்கு பிராந்தியில் ஊறும். நானா வீட்டுப் பங்கு தோடம்பழச் சாற்றில். எங்கள் ஊரான மஹய்யாவையில் எங்கள் வீட்டு வரிசையில் யாரிடமும் கேக் சுடும் அடுப்பு இல்லை. பாண் சுட்டு முடிந்ததும் பேக்கரிக்காரர் எங்கள் தட்டுகளை உள்ளே தள்ளுவார்.

பிராந்தி ஊற்றுவது மாமாவின் வேலை. அம்மாவின் தம்பி. கேக்குக்கு ஒரு மூடி, தனக்கு ஒரு மூடி என்று ஊற்றுவார். கேக் கொஞ்சமாகத்தான் குடிக்கும்.

அந்த வருடம் மாமாவின் குடி தாங்காமல் அவர் மனைவி, என் அத்தை, மகளைத் தூக்கிக்கொண்டு கெலிஓயாவில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். மாமா எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மாமா குடியை விட்டுவிட்டார் என்று அப்பாவும் பெரியம்மாவும் மாறி மாறிப் போய் அத்தையிடம் சொன்னார்கள். இந்தக் கதையை நிறையக் கேட்டாயிற்று என்று அத்தை சொல்லி அனுப்பினார். கடைசியில், பிள்ளைக்காக நத்தார் பகல் சாப்பாட்டுக்கு மட்டும் வந்து, பின்னேர பஸ்ஸில் திரும்பிவிடுவதாக ஒத்துக்கொண்டார். வீட்டுக்குள் போத்தலே வரக் கூடாது என்று அம்மா முடிவெடுத்திருந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது.

அத்தை கதவோரக் கதிரையில் உட்கார்ந்தார். மடியில் இருந்த கைப்பையைக் கீழே வைக்கவே இல்லை. மாமா தேய்த்த சேர்ட்டோடு எங்கே நிற்பது என்று தெரியாமல் அலுமாரியில் சாய்ந்து நின்றார். அப்பா மழையைப் பற்றிப் பேசினார். பிறகு மறுபடியும் மழையைப் பற்றிப் பேசினார். அம்மா கேக் கொண்டுவந்தார். நான் ஒரு கடி கடித்தேன்.

"அம்மா, இது நானா வீட்டுக் கேக்கு. நம்ம கேக்கு எங்க?"

"பேசாம தின்னுடா."

"பிராந்தி வாசமே இல்ல. ஊத்த மறந்துட்டீங்களா?"

மேசைக்கு அடியில் என் தொடையில் கிள்ளு விழுந்தது. போத்தல் விலை ஏறிப்போச்சு என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல். மாமா தரையைப் பார்த்தார்.

அத்தை கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தார். வேறு யாரிடமும் கேட்காமல் என்னிடம் கேட்டார்.

"வீட்ல போத்தலே இல்லையா?"

கேட்க ஆள் கிடைத்ததும் என் குறையெல்லாம் வெளியே வந்தது. மாமா வந்ததிலிருந்து வீட்டில் ஒன்றுமே இல்லை. அப்பாகூட எடுப்பதில்லை. முந்தின நாள் கரோல் பாட வந்த அண்ணன்மாருக்கு வெறும் சோடா. "அவங்க மாமாவ கேலி பண்ணாங்க அத்தை, நீங்க இப்ப பொம்பளைங்க மாதிரி ஆயிட்டீங்கன்னு. நாங்க வேற எடத்துல குடிச்சிக்கிறோம் வாங்கன்னு கூப்பிட்டாங்க. மாமா போகல. உள்ள வந்து கேக்கு சுத்துற தாள் வெட்டினாரு."

எனக்கு அதில் மாமா மேல்தான் கோபம். திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அத்தை வந்ததிலிருந்து முதல் தடவையாக மாமாவைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் நிப்பீங்க. உக்காருங்க."

மாமா உட்கார்ந்தார். அம்மா ஏதோ வேலை இருப்பதுபோல் குசினிக்குள் போனார்.

பின்னேரம் பஸ் நேரம் வந்தது. அப்பா மணியைப் பார்த்துவிட்டு மறுபடியும் மழையைப் பற்றிப் பேசினார். அத்தையின் மகள் என் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் எழுப்பவில்லை.

அன்று இரவு எனக்கு ஹோலில் பாய் விரித்தார்கள். பிராந்தி இல்லாத கேக்கும் போதாதென்று கட்டிலும் போய்விட்டது என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு பெரிய மூலைத் துண்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கிள்ளிய இடத்தைத் தடவிக்கொண்டே அதை என் கையில் வைத்தார். கேக்கைக் குறை சொன்னவனுக்கு ஏன் எல்லோரையும்விடப் பெரிய துண்டு என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால் திரும்ப வாங்கிக்கொள்வாரோ என்று பயந்து, கேட்காமல் தின்றேன்.