இரண்டு பெற்றவளின் கை

எங்கள் பக்கத்தில் கால் பிசகினால் இரட்டைப் பிள்ளை பெற்றவளைத் தேடிப் போவார்கள். அவள் விளக்கெண்ணெய் தொட்டு உருவிவிட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்று நம்பிக்கை. கடத்தூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஒரே பிரசவத்தில் ஒரு பெண்ணையும் ஒரு பையனையும் பெற்றது தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு தேறுவதற்குள் வாசலில் ஒருவர் நொண்டிக்கொண்டு வந்து நின்றார்.

எனக்கு அப்போது எதுவும் தெரியாது. வந்த கால்களைத் தொட்டுத் தொட்டு நானே கற்றுக்கொண்டேன். வீங்கிய இடத்தை முதல் நாள் அழுத்தக் கூடாது. கெண்டைக்காலில் தொடங்கி மெதுவாகக் கணுக்காலுக்கு இறங்க வேண்டும். உள்ளே எலும்பு நறநறவென்றால் உருவவே கூடாது, எலும்பு கட்டுகிறவரிடம் அனுப்பிவிட வேண்டும். இதையெல்லாம் எந்தப் பிரசவமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

நான்கு வயதில் என் பெண் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. நான் அக்கா என்று கூப்பிடும் என் கணவரின் அண்ணன் மனைவி கிணற்றடியில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்:

"ரெண்டுல ஒண்ணு போயிடுச்சி. இனிமே அவ ஒத்தப்புள்ளக்காரி. அவ கையில காலக் குடுக்காதீங்க."

அதன்பின் ஒருவரும் வரவில்லை. வேலை போனதற்கு நான் கவலைப்படவில்லை. என் மகள் பிறக்கவே இல்லை என்பதுபோல் ஆக்கிவிட்டார்களே என்றுதான் வயிறு எரிந்தது.

யுத்தத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் விளக்கெண்ணெயில் விளக்கு எரித்துக்கொண்டிருந்த வருஷம், அதே அக்காவுக்கு மொரப்பூரில் ரயிலைவிட்டு இறங்கும்போது கால் மடங்கிவிட்டது. பக்கத்து ஊரில் இரட்டைப் பிள்ளைகள் இருவரும் உயிரோடிருக்கும் ஒருத்தியிடம் போனாள். அந்த அம்மாள் மூன்று நாள் பலம்கொண்ட மட்டும் தேய்த்ததில் கணுக்கால் பூசணிக்காய்போல் வீங்கிவிட்டது. கேழ்வரகு அறுப்பு நெருங்கியிருந்தது. அவளால் காலை ஊன்றவே முடியவில்லை.

நான்காம் நாள் பட்டப்பகலில், கோலை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"கொஞ்சம் பாரு புள்ள. உசுரு போவுது."

"ஒத்தப்புள்ளக்காரி கைங்க அக்கா இது."

"பழசப் பேசாத."

"பேசுவேங்க. நான் எத்தன பெத்தேன்னு சொல்லுங்க. அப்புறமா காலக் குடுங்க."

அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். நான் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடவில்லை. வலியில் துடிக்கிறவளிடம் இப்படிப் பேரம் பேசலாமா என்று பிறகு சிலர் கேட்டார்கள். பேசலாம். நான் பேசினேன். இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் கிடையாது.

"ரெண்டு," என்றாள்.

"காதுல விழலீங்க."

"ரெண்டு பெத்த. பொண்ணு ஒண்ணு, பையன் ஒண்ணு."

காலை மடியில் வாங்கிக்கொண்டேன். எலும்பு உடையவில்லை. ஐந்து நாள் உப்பு ஒத்தடம் மட்டும் கொடுத்தேன். வீக்கம் வடிந்த பிறகுதான் எண்ணெய் தொட்டு உருவினேன். அறுப்பு முடிவதற்குள் அவள் கேழ்வரகுக் காட்டில் நின்றாள்.

ஊர் மறுபடியும் என்னிடம் வரத் தொடங்கியது. யார் வந்தாலும், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், காலைத் தொடுமுன் அதே கேள்வியைக் கேட்டேன். ஒருவர் விடாமல் என் மகளைக் கணக்கில் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் காலை நீட்டினார்கள்.