வட்டத்தில் காலியாக விட்ட இடம்

பதினோரு வருஷம் மதுரைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாறு எடுத்தவள் நான். அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டிஷாரை எதிர்த்த பாடம் வந்தால் என் குரல் தானாக உயரும். தேயிலை விலை குறைந்துதானே போனது, பிறகு ஏன் டீச்சர் பெட்டி பெட்டியாகக் கடலில் கொட்டினார்கள் என்று வகுப்புக்கு ஒருத்தியாவது கேட்பாள். "விலை இல்லடி விஷயம். அவங்களைக் கேக்காம வரி போட்டாங்கல்ல, அதுதான்" என்பேன். பெரிய வீராங்கனை மாதிரி மேசையை வேறு தட்டுவேன்.

பிறகு நியூசிலாந்துக்கு வந்து, ஆக்லாந்தில் அதே கையால் ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். சலவைக்கூடத்தில் நாங்கள் ஒன்பது பேர். ஒரு வாரம் எல்லோருடைய சம்பளச் சீட்டிலும் 'ஊழியர் நலன்' என்று பத்து டாலர் பிடித்திருந்தார்கள். யாரையும் கேட்கவில்லை. என்ன நலன் என்றும் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீ இடைவேளையில் அந்தப் பழைய பாடத்தை அப்படியே எடுத்துவிட்டேன்.

தினமும் என்னை பிளாட் புஷ் பகுதியிலிருந்து தன் காரில் ஏற்றி வரும் மன்னார் அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப எங்களைக் கேக்காமல் பிடிக்கேலாது எண்டு எழுதிக் குடுப்பம். நீங்கள் டீச்சர், எழுதுங்கோ."

எழுதினேன். முதலில் கையெழுத்துப் போடுகிறவர்தான் தலைவர் என்று மாட்டிக்கொள்வார் என எல்லோரும் தயங்கினார்கள். அதற்கும் யோசனை சொன்ன மகராசி நான்தான். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து, ஒன்பது பங்காகக் கோடு போட்டேன். பங்குக்கு ஒரு பெயர். வட்டத்தில் முதல் ஆள் ஏது, கடைசி ஆள் ஏது!

தாள் கைமாறிக்கொண்டிருந்தபோது முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார். இங்கேயே நிரந்தரமாகத் தங்க நான் போட்டிருந்த ரெசிடென்ஸ் விண்ணப்பத்துக்கு அவர் தர வேண்டிய கடிதம் மேசைமேல் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை போட்டுத் தருவதாகச் சொன்னார். இங்கே எல்லாம் திருப்திதானே என்று கேட்டார். "யெஸ்" என்றேன். தாள் விஷயம் அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கடிதம் இல்லாவிட்டால் நானும் கணவரும் பையனும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

திரும்பி வந்தபோது தாளில் எட்டுப் பெயர்கள் இருந்தன. அக்கா பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நாளைக்குப் போடுறேனே, அக்கா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "எனக்கு விளங்குது. உங்களுக்குப் பிள்ளை இருக்கு" என்றார். அன்று மாலையே தாளைக் கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்தார். வரிசையாக எழுதியிருந்தால் ஒரு பெயர் குறைவது கண்ணில் பட்டிருக்காது. வட்டத்தில் என் பங்கு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. சீ, என்ன ஜென்மம் நான்!

வெள்ளிக்கிழமை கடிதம் கையெழுத்தாகி வந்தது. அடுத்த வாரம் அக்காவின் ஐந்து நாள் வேலை இரண்டு நாளாகக் குறைந்தது. சம்பளச் சீட்டுகளும் வந்தன. மற்ற எட்டுப் பேருக்கும் பிடித்தம் பதினைந்து டாலராக ஏறியிருந்தது. என் சீட்டில் பிடித்தமே இல்லை.

வீடு திரும்பும்போது காரில் அக்கா கேட்டார். "உங்களுக்கும் பதினைஞ்சு பிடிச்சிட்டாங்களோ?"

சீட்டு என் கைப்பையில் இருந்தது. "ஆமாக்கா, பிடிச்சுட்டாங்க" என்றேன்.

"பாவி மனுசன்" என்று எனக்காகவும் சேர்த்துத் திட்டிக்கொண்டே அவர் வண்டியை ஓட்டினார்.