பாபநாசத்தில் குடித்த டீயும் என் கியர் கேபிள் பதிவும்

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டே முக்காலுக்குத் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்குக் கிளம்பினேன். நாற்பது கிலோமீட்டர். பழைய ஸ்கூட்டரின் கியர் கேபிளை நானே மாற்றி, அதை எப்படிச் செய்வது என்று இங்கே எழுதி, நாலு பேர் பாராட்டியிருந்தார்கள். அந்தத் தெம்புதான் காரணம். "துளியும் தொய்வில்லாமல் முறுக்கி வையுங்கள், மெக்கானிக்கைத் தேடவே வேண்டாம்" என்று எழுதிய மகராசன் நான்.

சாலையின் பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். மெதுவாகத்தான் போனேன். அய்யம்பேட்டை தாண்டியதும் கியர் பிடி திருப்பவே முடியாமல் இறுகியது. இருபத்தைந்தாவது கிலோமீட்டரில், பாபநாசத்தில் ஒரு மெக்கானிக் கடையில் நிறுத்தும்போது மணி பத்தேகால்.

அங்கே என்னுடையதைப் போலவே ஒரு ஸ்கூட்டர். பக்கத்தில் பட்டு வேட்டியில் கிரீஸ் அப்பிய ஒருவர். பெஞ்சில் அவர் மனைவி, மடியில் சீர்த்தட்டு. கேபிள் அறுந்து வண்டி நாலாவது கியரிலேயே மாட்டிக்கொண்டதாம். முகூர்த்த நாள் கூட்டத்தில் பஸ் எதுவும் நிற்கவில்லை. மூன்று கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

"அக்கா பொண்ணு கல்யாணங்க. ஒம்பதுலேர்ந்து பத்து முகூர்த்தம். தாய்மாமன் நான்," என்றார். அக்கா போனை எடுக்கவில்லை.

"யாருங்க இப்படி முறுக்குனது?" என்றார் மெக்கானிக்.

"நான்தான் பாய். இன்டர்நெட்ல ஒருத்தர் எழுதியிருந்தாரு, அப்படியே செஞ்சேன்," என்றார் தாய்மாமன்.

மெக்கானிக் என் கேபிளையும் தொட்டுப் பார்த்தார். பாதி இழை அறுந்திருந்தது. "நீங்களும் அதைப் படிச்சுட்டுத்தான் செஞ்சீங்களா?"

"ஆமாங்க," என்றேன்.

தாய்மாமன் முதல்முறையாகச் சிரித்தார். "அப்ப ரெண்டு பேருமே ஒரே ஆளுகிட்ட ஏமாந்திருக்கோம்." எனக்கும் சேர்த்து டீ சொன்னார். வெட்கங்கெட்டுக் குடித்தேன். அவர் மனைவி டீயைத் தொடவில்லை.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் அந்த ரகம். கும்பகோணம் போகாமல் திரும்பிவிட்டேன்.

இனி சரியான முறை, மெக்கானிக் சொன்னபடி: கேபிளில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தொய்வு இருக்க வேண்டும். நியூட்ரலில் வைத்து ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினால் கேபிள் இழுபடக் கூடாது. உதிரி கேபிள் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். எனக்குக் கேபிள் எண்பது ரூபாய், கூலி நூற்றைம்பது. பழைய பதிவை அழிக்கவில்லை, தலைப்பிலேயே "தப்பு" என்று போட்டிருக்கிறேன்.

சார், நீங்கள் இந்தப் பக்கம் மறுபடி வருவீர்களா தெரியாது. அதை எழுதியவன் நான்தான். உங்கள் அக்கா பேசினார்களா?