பகலில் வீட்டில் யார்?

அந்த அலுவலகத்துக்குப் போய் அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் வாசல் காவலாளிக்கே தெரியாது. "அடுத்தமாசத்தார் இருக்காரா?" என்று கேட்டால்தான் மாடிப்படியைக் கை காட்டுவார். மனு கொடுத்துவிட்டு யார் வந்து நின்றாலும், "அடுத்த மாசம் ஒரு எட்டு வந்து பாருங்க" என்று சொல்லிச் சொல்லியே வாங்கிய பட்டம் அது. பாவம், மனிதர் வேண்டுமென்றா சொன்னார்? பகல்நேரத் துணைப் பிரிவில் நாற்காலி ஆறு, உட்கார ஆள் ஒன்று. சிலர் ஓய்வு பெற்றுப் போனார்கள், சிலர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். பிரசவ விடுப்பில் போன ஒருத்தி, பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதாகியும் திரும்பி வரவில்லை. காலி இடத்துக்கு ஆள் போடச் சொல்லி மேலே எழுதினால், ஆள் போடுகிற பிரிவிலேயே ஆள் இல்லை என்று பதில் வந்தது. எங்கே போய் முட்டிக்கொள்வது!

பகல்நேரத் துணை என்றால் இதுதான்: வீட்டில் உள்ளவர்கள் வேலைக்குப் போய்விட, நடமாட முடியாத ஒருவர் தனியாகக் கிடந்தால், காலை முதல் மாலை வரை கூட இருக்க அரசாங்கமே ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து அனுப்பும். நல்ல திட்டம், சும்மா சொல்லக்கூடாது. மனு வந்ததும் அலுவலர் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அறிக்கையில் பெரிய கேள்வி ஒன்றே ஒன்று. பகலில் வீட்டில் யார்? கைகால் நன்றாக இருக்கிற ஆள் ஒருவர் வீட்டில் இருந்துவிட்டால் போச்சு, மனு தள்ளுபடி. முப்பது நாளில் முடிவு தெரியும் என்று சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. வருகிறவர்கள் முதலில் பலகையைப் பார்ப்பார்கள், பிறகு அடுத்தமாசத்தாரைப் பார்ப்பார்கள். அவர் கோப்பைப் பார்ப்பார்.

காலையில் வந்து ஆறு மேசையையும் அவரே துடைப்பார். தன் தலைக்கு மேல் உள்ள மின்விசிறியை மட்டும் போட்டுக்கொள்வார். மனு கொடுப்பவர்கள் மதியத்தோடு போய்விட்டால் அந்தப் பெரிய கூடத்தில் தும்மினால்கூட ஏன் என்று கேட்க நாதியில்லை. சாப்பிடும்போது எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடப் பிடிக்காமல் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

வீட்டில் அக்கா. இருவருக்குமே கல்யாணம் கூடிவரவில்லை. சின்ன வயதில் பெற்றோர் போன பிறகு அக்காவுக்குத் தம்பி, தம்பிக்கு அக்கா என்றே காலம் ஓடிவிட்டது. போன வருடம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கையையும் காலையும் எடுத்துக்கொண்ட நோய் வாயை மட்டும் தொடவில்லை. "உன்னைத் திட்டறதுக்குன்னே ஆண்டவன் இதை விட்டு வச்சிருக்கான்டா" என்பாள். தண்ணீரையும் சாப்பாட்டையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, கதவை வெளியே பூட்டிக்கொண்டு அவர் அலுவலகம் வந்துவிடுவார். ஒருநாள் மாலை வீடு திரும்பிக் கதவைத் திறந்தபோது கட்டிலில் அக்கா இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சொருகிக்கொண்டு கிடந்தாள். காலையில் அவர் தெருமுனை தாண்டியதுமே விழுந்திருக்கிறாள். பகல் முழுக்க அப்படியே. தொண்டை கட்டிப்போயிருந்தது. அப்போதும், "இன்னிக்கு சீக்கிரம் வந்துட்டியே, ஆபீஸ்ல விரட்டிட்டாங்களா?" என்றுதான் கேட்டாள். அடுத்தமாசத்தார் அவளைத் தூக்கிப் படுக்க வைத்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

மறுநாளே அக்காவுக்காகப் பகல்நேரத் துணை கேட்டு மனு எழுதினார். எழுதிய கையோடு தலையில் இடி விழுந்தது. சொந்தக்காரரின் மனுவை அலுவலர் தொடக்கூடாது, பிரிவில் உள்ள வேறொரு அலுவலர்தான் பார்க்க வேண்டும் என்பது விதி. வேறொரு அலுவலருக்கு எங்கே போவது? எதிரே இருந்த காலி மேசையின் தட்டில் மனுவை வைத்தார். அங்கேயே கிடந்தது. வேலையை விட்டுவிட்டு அக்காவோடு இருந்துவிடலாம் என்றால், அப்போது பகலில் வீட்டில் ஆள் ஆகிவிடும், மனு செத்துவிடும், சம்பளமும் போய்விடும். தூசி தட்டும்போதெல்லாம் அந்த மனுவையும் சேர்த்துத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

வழி சொன்னது கிழக்கு அலுவலகத்து அம்மா. பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிற கிழக்குக் கிளையில் அவளும் இவரைப் போலவே ஒற்றை ஆள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே கிடையாது. ஒருநாள் கணினி தொங்கிப்போய், அங்கேயும் அப்படித்தானா என்று கேட்க அவள் போன் செய்ததில் தொடங்கிய பழக்கம். அதற்குப் பிறகு கணினி ஒழுங்காக ஓடினாலும் மதியத்தில் போன் வந்துவிடும். "என்னண்ணே, உங்க பக்கம் தொங்கிடுச்சா?" "இல்லம்மா, நல்லாத்தான் ஓடுது." "இங்கயும் நல்லாத்தான் ஓடுது. சரி, சாப்பிட்டீங்களா?" அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த அவ்வளவுதான் இல்லாவிட்டால் மனிதருக்கு நாள் நகராது. வீட்டில் ஞாபகம் தப்பிப்போன அம்மாவை வைத்துக்கொண்டு அவள் அல்லாடுவது அவருக்குத் தெரியும். அவளுடைய மனுவும் அங்கே ஒரு காலி மேசையில்தான் கிடந்தது.

"அண்ணே, பிரிவுல வேற ஆளே இல்லன்னா பக்கத்துக் கிளைக்கு மாத்திவிடலாம்னு ஒரு பழைய விதி இருக்கு. தோண்டி எடுத்துட்டேன்" என்றாள் ஒரு மதியம். "உங்களுதை நான் பாக்கறேன், என்னுதை நீங்க பாருங்க. பரீட்சையில பக்கத்துல இருக்கறவன் பேப்பரைத் திருத்தற மாதிரி."

அடுத்தமாசத்தார் வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

முதலில் வந்தது அவள்தான். அன்று மாலை வீட்டுக்குப் போனால் அக்காவின் முகத்தில் அப்படி ஒரு களை. "உன் கிழக்கு வந்துட்டுப் போச்சுடா. நான் விழுந்தப்புறம் நீ கொடுத்து வச்ச சாவியைக் கீழ் வீட்டுக்காரர்கிட்ட வாங்கித் திறந்துட்டு, அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டே உள்ள வந்தா. என்னைத் திருப்பிப் படுக்க வச்சா, தலை வாரிவிட்டா. எங்கிட்ட ஏதேதோ கேட்டு எழுதிக்கிட்டா. எழுதினது கொஞ்சம், பேசினதுதான் ஜாஸ்தி. என்ன பொண்ணுடா அது!" இரவுச் சாப்பாடு முடிகிற வரைக்கும் அதே பேச்சு.

அடுத்த வாரம் அவர் கிழக்கே போனார். விதிப்படி அவளிடம் சொல்லவில்லை. மூன்றாவது மாடி, குறுகலான படி. மணியை அழுத்தினார். கதவைத் திறந்தது அவளுடைய அம்மா இல்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தன், கசங்கிய சட்டையும் தூக்கம் வழியும் முகமுமாக நின்றான்.

"யாரு? அக்கா ஆபீஸ் போயிருக்கு."

அடுத்தமாசத்தார் கதவு எண்ணை மறுபடி ஒருமுறை பார்த்தார். "நீங்க?"

"தம்பி" என்றான் அவன், கொட்டாவி விட்டபடி. "இங்கதான் இருக்கேன். வேலை ஒண்ணும் அமையல."

பின்னாலேயே அம்மா வந்தாள். காலுக்கு ஒரு நிறமாகச் செருப்பு. "பள்ளிக்கூடம் விட்டாச்சா? பிள்ளைங்க எங்கே?" என்று அவரிடம் கேட்டாள். தம்பிக்காரன் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் உள்ளறைக்குப் போய் மறுபடி படுத்துவிட்டான். அடுத்தமாசத்தார் சமையலறையை எட்டிப் பார்த்தார். கேஸ் அடுப்பில் திருப்புகிற குமிழ் ஒன்றுகூட இல்லை. "நாப் எல்லாம் அக்கா பையில போட்டு எடுத்துட்டுப் போயிடும். அம்மா திறந்து விட்டுடும்ல" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. ஏன்டா தடியா, நீ ஒருத்தன் வீட்டில் இருக்கும்போது எதற்காக அவள் அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள் என்று கேட்க அவருக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அம்மாவின் செருப்பில் ஒன்றை மாற்றிப் போட்டுவிட்டு இறங்கி வந்தார்.

எல்லாவற்றையும் பேசுகிறவள் இந்தத் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மனுவிலும் பகலில் வீட்டில் யாரும் இல்லை என்றே எழுதியிருந்தாள். வெட்கப்பட்டிருப்பாள். அவராக இருந்தாலும் வேறென்ன எழுதியிருப்பார்?

மறுநாள் மதியம் அவராகவே போன் செய்தார். "தம்பி ஒருத்தர் இருக்காரேம்மா."

"இருக்கான் அண்ணே. அவன் இருக்கறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு. போன மாசம் அம்மா தெருவுல இறங்கிப் போய், மூணு தெரு தள்ளி யாரோ பிடிச்சு உட்கார வச்சிருந்தாங்க. இவன் தூங்கிட்டிருந்தான்." பிறகு குரல் இறங்கியது. "ஒரே ஒரு வரிண்ணே. அவனைப் பாக்கலன்னு விட்டுடுங்களேன்."

"பாக்கறேம்மா" என்றார் அவர். அது எந்தப் பக்கமும் சாயாத பதில் என்பது இருவருக்குமே தெரியும்.

நான்கு நாள் அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு உருட்டினார். யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு கேள்வி, ஒரு பதில். பொய் எழுதினால் இரண்டு வீட்டுக்கும் விடிந்துவிடும். உண்மையை எழுதினால் அவள் அம்மா தெருவில் நிற்பாள், அக்காவின் கோப்போ அவள் கையில்தான் இருக்கிறது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்த அக்கா கண்ணிலேயே நின்றாள். நான்காவது நாள் கதவோரம் ஒரு பெண் வந்து நின்றாள். தையல் வேலைக்குப் போகிறவள், படுத்த படுக்கையாக மாமியார், வீட்டில் குடித்துவிட்டு விழுந்து கிடக்கிற புருஷன். அவளுடைய மனுவை அவரே தள்ளுபடி செய்திருந்தார்.

"சார், அவர் ஆளா சார்? நீங்களே வந்து பாத்தீங்களே, அவர் ஒரு ஆளா?"

"என்னம்மா செய்யறது, விதி அப்படி" என்றார். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள். இப்படி எத்தனை பேரைப் படியிறக்கி விட்டிருக்கிறார்! குடிகார மகன், சோம்பேறி மருமகன், சீட்டாடப் போகிற தம்பி. அத்தனை பேரையும் ஆள் என்று எழுதிய கை, வேண்டப்பட்டவளின் வீட்டில் மட்டும் ஆள் இல்லை என்று எப்படி எழுதும்? சாயங்காலம் ஆகிவிட்டது. 'பகலில் வீட்டில் யார்?' என்ற இடத்தில், 'தம்பி, வயது சுமார் நாற்பது, உடல்நலத்தோடு இருக்கிறார்' என்று எழுதி அனுப்பினார். எழுதியதில் பெருமை ஒன்றும் இல்லை. அன்றைக்குத் தன்னைப் பார்த்தே அவருக்கு வெறுப்பாக இருந்தது.

அதோடு அக்காவின் மனுவும் போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டார். சொல்லப்போனால், போகட்டும் என்றும் ஒரு எண்ணம். அவள் பழி தீர்த்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும், திட்டிக்கொண்டாவது மறுபடி பேசலாம். அவள் போன் செய்யவில்லை. ஒரு வாரம் கழித்துக் கணினியைத் திறந்தால் அக்காவின் மனு ஏற்கப்பட்டிருந்தது. தேதியைப் பார்த்தால், தன் அம்மாவின் தள்ளுபடியைத் திறந்து படித்துவிட்டு, அதற்கு மறுநாள்தான் இதை அவள் ஏற்றிருக்கிறாள். அறிக்கையில் ஒரு குறை இல்லை. பகலில் வீட்டில் யாரும் இல்லை, நோயாளி ஒருமுறை விழுந்து நாள் முழுக்கக் கிடந்திருக்கிறார், உடனே துணை தேவை என்று அழகாக எழுதியிருந்தாள். அவர் அதை முதலிலிருந்து மறுபடி படித்தார்.

துணையாள் வந்து சேர்ந்தாள். கெட்டிக்காரி. அவள் வந்த இரண்டாம் நாள், மதியத்தில், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அடுத்தமாசத்தார் கிழக்கு அலுவலகத்துக்கு போன் செய்தார்.

"நான்தாம்மா. அக்காவுக்கு ஆள் வந்தாச்சு. சொல்லலாம்னு..."

"சந்தோஷம் சார்" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு நுனியாவது கிடைத்திருக்கும். "வேற கோப்பு ஏதாவது நிலுவையில இருக்கா சார்?"

"இல்லம்மா."

"அப்ப வச்சிடறேன் சார்."

போனை வைத்துவிட்டு ஆறு நாற்காலிகளையும் பார்த்தார். இத்தனை வருடத்தில் அந்தக் கூடம் அவ்வளவு பெரிதாக அவருக்குத் தெரிந்ததில்லை. அன்று கோப்பு எதையும் அவர் தொடவில்லை.

வீட்டுக்குப் போனால் அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குளிப்பாட்டி, உடை மாற்றி, தலையணையை அடுக்கி வைத்திருந்தாள் துணையாள். அவள் கிளம்பிப் போனதும் அக்கா கேட்டாள். "கிழக்குக்குச் சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"சந்தோஷம்னா."

"பாவம்டா அவ. அன்னிக்கு எனக்குத் தலை வாரிக்கிட்டே அழுதா, தெரியுமா? அவ அம்மாவுக்கும் இப்படி ஒரு ஆள் கேட்டிருக்காளாம். அந்த மனு யார்கிட்ட இருக்காம்?"

அடுத்தமாசத்தார் செருப்பைக் கழற்றியவர் நிமிரவில்லை. "என்கிட்டதான்க்கா."

"உன்கிட்டயா?" அக்காவின் முகம் மலர்ந்தது. நல்ல கையை நீட்டி அவர் தலையைத் தொட்டாள். "அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? நான் கிடந்து கவலைப்பட்டுக்கிட்டிருக்கேன். நீ பாத்துக்குவ."

அந்தக் கையின் கீழ் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார்.