காபிக் களத்து வட்டம்

எங்கள் எஸ்டேட்டில் காபி காயப்போடும் சிமெண்டுக் களம் ஒன்று இருக்கிறது. மார்கழி முதல் மாசி வரை அதில் காபி காயும். மற்ற மாதங்களில் பிள்ளைகள் காய்வார்கள். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரான நான்தான் ஏழு வருடங்களுக்கு முன் அந்தக் களத்தின் சாவியை லூர்துசெல்வி டீச்சரிடம் கொடுத்தேன். ஆகவே நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

எங்கள் எஸ்டேட் லாரி டிரைவர் பாக்கியநாதனின் மகள் அவர். இளவயதில் ஒரு பள்ளி விடுதிக்கு ஆயா வேலைக்குப் போனார். பணக்காரப் பிள்ளைகள் விட்டுச்சென்ற சக்கரக் காலணிகளை லீவு நாட்களில் மாட்டிக்கொண்டு, வராந்தாவில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடிப் பழகினார். முன்பல் ஒன்று போனது. ஆசை போகவில்லை. விடுதியில் கழித்துக்கட்டிய ஒன்பது ஜோடியை மூட்டை கட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்து நின்றார்.

“ஏனுங்க ரைட்டர், களம் சும்மாதானுங்க கெடக்குது. புள்ளைங்க சுத்திட்டுப் போகட்டுமுங்களே!”

அவர் சொல்லிக்கொடுப்பது ஃபிகர் ஸ்கேட்டிங். ஐஸில் செய்வதைச் சக்கரத்தில் செய்வது. ஐஸை அவர் மீன்காரர் பெட்டியில்தான் பார்த்திருக்கிறார். கோச் சான்றிதழ் வகுப்பைக்கூடக் கொரோனா காலத்தில், சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து செல்போனிலேயே முடித்தவர்.

அவருக்கு உயிர் என்றால் வட்டம்தான். சுண்ணாம்புக் கோட்டின் மேல் ஒரே காலில் போய், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். எங்கள் பிள்ளைகள் எப்போதும் குடோன் பக்கமிருந்து புறப்பட்டுக் கோடு பிசகாமல் வருவார்கள். நானே கை தட்டியிருக்கிறேன்.

போன வருடம் பதினான்கு பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு சேலத்தில் நடந்த மாவட்டப் போட்டிக்குப் போனோம். பளபளவென்ற தரை. ஒரு பிள்ளையின் வட்டமும் சேரவில்லை. பாதிவரை ஒழுங்காகப் போய், அப்புறம் சொல்லிவைத்தது போல எல்லோரும் ஒரே பக்கம் உள்ளே சாய்ந்தார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டீச்சர் விறுவிறுவென்று நடுவரிடம் போனார்.

“ஏனுங்க, உங்க தரை கோணலுங்க!”

நடுவர், டீச்சர் கையிலிருந்த ஆரஞ்சை வாங்கித் தரையில் வைத்தார். அது அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் அதே பழத்தை டீச்சர் களத்தில் வைத்தார். அது உருண்டுபோய் மழைத்தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது.

“களம் சரிவுங்களா ரைட்டர்?”

“காபிக் களம் சரிவாத்தானுங்க இருக்கும். இல்லீன்னா மழைத்தண்ணி எப்படிங்க வடியும்?”

“ஆறு வருசமா ஏனுங்க சொல்லல?”

என்ன சொல்ல? அது எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் மலையில் பிறந்தவர்களுக்குச் சரிவு கண்ணில் படுவதில்லை. எங்களுக்கு நடப்பதென்றாலே ஒன்று ஏறுவது, இல்லை இறங்குவது. பாதி வட்டம் வந்ததும் பிள்ளைகளின் கால் சரிவுக்குத் தக்கபடி குடோன் பக்க மேட்டைப் பார்த்துச் சாயப் பழகியிருந்தது. அதைத்தான் நாங்கள் திறமை என்று கை தட்டியிருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

பதிமூன்று பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். மிச்சம் கவிப்பிரியா ஒருத்திதான். காபி பறிக்கும் அவள் அம்மா மேகலா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: “இன்னொருக்கா எம் புள்ளையப் பார்த்துச் சிரிச்சாங்கன்னா, அப்புறம் அனுப்ப மாட்டேனுங்க டீச்சர்.” அவளும் நின்றால் வகுப்பே கிடையாது. டீச்சர் அன்று சாப்பிடவில்லை.

களத்தைச் சமப்படுத்த முடியாது, தண்ணீர் நின்று காபி அழுகிவிடும். ஆகவே டீச்சர் தினமும் புறப்படும் இடத்தை மாற்றினார். இன்று குடோன் பக்கம், நாளை வாய்க்கால் பக்கம். அடுத்த நாள் எதிர்த்திசையில் சுற்றவிடுவார். அடுத்து மேடா பள்ளமா என்று கால் முன்கூட்டி முடிவு செய்யக்கூடாதாம்.

“காலை நம்பாத கண்ணு, கோட்டைப் பாரு சாமி!”

போன வருடம் வரை “குடோன் பக்கம் சாயி, சாயி” என்று கத்தியதும் இதே வாய்தான்.

இந்த வருடம் சேலத்துக்கு மேகலாவும் வந்தார். கவிப்பிரியா தரையைக் காலால் தள்ளிப் புறப்பட்டாள். பாதி வட்டம் வந்தது. போன வருடம் எல்லோரும் சாய்ந்த இடம். டீச்சர் என் சட்டைக் கையைக் கிழிக்காத குறையாகப் பிடித்துக்கொண்டார். கவிப்பிரியா கோட்டைப் பார்த்தபடியே போய், புறப்பட்ட இடத்தில் வந்து நின்றாள். மாநிலப் போட்டிக்கான பட்டியலில் அவள் பெயர் வந்தது. மேகலா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, “அடுத்த வாரம் சின்னவளையும் கூட்டியாறனுங்க” என்றார்.

போட்டி முடிந்து தரை காலியானது. “டீச்சர், நீங்க ஒருக்கா சுத்துங்க!” என்று கவிப்பிரியா இழுத்தாள். டீச்சர் சக்கரத்தை மாட்டினார். சமதரையில் அவர் சுற்றும் முதல் வட்டம் அது. பாதிவரை அழகாகப் போனார். அப்புறம் உள்ளே சாய்ந்தார். புறப்பட்ட இடத்துக்கு இரண்டடி தள்ளிப் போய் நின்றார்.

“காலை நம்பாதீங்க டீச்சர், கோட்டைப் பாருங்க!” என்று கவிப்பிரியா கத்தினாள்.

டீச்சர் தரையிலேயே உட்கார்ந்து, போன பல்லின் இடைவெளி தெரியச் சிரித்தார். பிறகு எழுந்து, புறப்பட்ட இடத்துக்குப் போய் மறுபடி நின்றார்.