ஒரு கண்ணால் அழுத தங்கராசு

என் எழுத்து கோணலாக இருக்கும். கோடு போட்ட தாளிலும் மேலே ஏறும், கீழே இறங்கும், நம் மடுல்சீமை ரோட்டைப் போல. பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதுக்குப் பிறகு பேனா பிடித்த கை இது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தி பிடித்த பழக்கத்தில் பேனாவையும் அழுத்திப் பிடிக்கிறது, தாள் கிழிந்துவிடுகிறது. தங்கராசுவின் கருமாதியன்று இதைக் கோயில் மண்டபத்தில் வாசிப்பதாக எங்கள் முதியோர் வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். அவர் வாசித்தால் கோணல் யாருக்கும் தெரியாது. ஆனாலும் சொல்லிவிட வேண்டும் அல்லவா.

செய்தி எனக்கு வந்த விதத்தை முதலில் எழுதுகிறேன். கண்புரை எடுப்பதற்காகப் பதுளையில் மகள் விஜயா வீட்டில் தங்கியிருந்தேன். எல்லாம் முடிந்து அவளோடு தோட்டத்துக்குத் திரும்பினேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வழியில் கண்ட பலகைகளையெல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தேன். பல் வைத்தியர். அரிசி மொத்த வியாபாரம். கோழித் தீன் இங்கே கிடைக்கும். புதுக் கண்ணும் புது எழுத்தும் ஒன்றாகக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

பசறையில் மடுல்சீமை பஸ்ஸுக்காக இறங்கி நின்றோம். எதிர்ச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மேலே ஒரு கண்ணின் படம், அதிலிருந்து வடியும் ஒரு துளி. வழக்கம்போல எழுத்துக்கூட்டினேன். கண்ணீர் அஞ்சலி. அதன் கீழே, தங்கராசு.

வேறு யாரோ ஒரு தங்கராசு என்றுதான் நினைத்தேன். படத்தில் இருந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இளவயதில் எடுத்த படம், இரண்டு கண்களும் ஒரே அளவாகத் திறந்திருந்தன. நான் அறிந்த தங்கராசுவுக்கு வலது இமை எப்போதும் சற்றுத் தொங்கியிருக்கும். அடுத்த வரியைக் கூட்டினேன். நம் தோட்டத்தின் பெயர். விஜயா என் கையைப் பிடித்து இழுத்து, பஸ் வந்துவிட்டது என்றாள். பஸ் எதுவும் வரவில்லை.

“நம்ம லயத்துத் தங்கராசுவாம்மா?” என்று கேட்டேன்.

அவள் என் கையை விட்டாள். பிறகு, “உங்களுக்கு வாசிக்கத் தெரியுங்கிறத மறந்துட்டேன்பா,” என்றாள்.

கத்தி வைத்த கண் அழக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதனால் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு என்னிடம் மறைத்திருக்கிறார்கள். அடக்கமும் முடிந்திருந்தது. கவ்வாத்து மலையில் குளவிக்கூடு கலைந்து கொட்டியதாம். ஓடும்போது பள்ளத்தில் விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. குளவியா, குளவியா என்று நான் விஜயாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு இருந்த பொல்லாத தலைவலிதான் ஒருநாள் அவரைக் கொண்டுபோகும் என்று பயந்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அன்று அவருக்கு வலியே வரவில்லை என்றும், காலையில் சிரித்துக்கொண்டுதான் வேலைக்குப் போனார் என்றும் அவர் மனைவி சரோஜா சொன்னார். எனக்கு இன்னமும் நம்பிக்கை வரவில்லை.

தோட்டத்தில் இறங்கியதும் இன்னொன்று கேட்டேன். கடையில் நின்ற ஒருவர் மற்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “எல்லாரும் ஓடித் தப்பிச்சிட்டாங்க. தண்ணி போட்ட ஆளு எப்பிடி ஓடுறது?” அவர் யார் என்று எழுதமாட்டேன். அவரும் இந்த மண்டபத்தில் இருப்பார். தங்கராசு வாழ்நாளெல்லாம் நம்மிடம் கேட்டது ஒன்றுதான். நான் குடிகாரன் இல்லை, இது நோய், நம்புங்கள் என்றார். போன பிறகும் அது அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் லயத்தில் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும்; என் காம்பராவுக்கும் அவர் காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர். அவர்கள் குடிவந்த புதிதில் ஒரு மத்தியானம் அந்தச் சுவர் இடி இடியென்று இடித்தது. என் பக்கம் மாட்டியிருந்த முருகன் படம் விழுந்து உடைந்தது. என்ன ஆணி அடிக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். ஆணியும் இல்லை, சுத்தியலும் இல்லை. தங்கராசு முட்டிபோட்டுத் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தார். வலது கண் சிவந்து அதில் மட்டும் தண்ணீர் ஊற்றியது. மூக்கும் அந்தப் பக்கம் மட்டும் ஒழுகியது. “கண்ணுக்குப் பின்னால அலவாங்குக் கம்பி போட்டு நெம்புறாங்கண்ணே,” என்றார். கொஞ்ச நேரத்தில் வலி விட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, உடைந்த கண்ணாடியை அவரே கூட்டி அள்ளினார்.

அதன்பிறகு சுவர் இடிக்கும்போதெல்லாம் நான் என் பக்கம் இருந்து கையால் தட்டுவேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் ஏதாவது பயன் உண்டா என்று ஒருநாள் கேட்டேன். “வலி குறையாதுண்ணே. நீங்க தட்டுனா அடுத்த மோது கொஞ்சம் மெதுவா விழுது,” என்றார்.

நமக்கெல்லாம் தலைவலி வந்தால் துணியைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவோம். அவரால் படுக்க முடியாது, உட்காரவும் முடியாது. லயத்து வாசலில் மேலும் கீழும் நடப்பார், தடுமாறுவார், தனக்குத் தானே பேசுவார். கொத்தமல்லி அவித்துக் குடி என்றோம். பேய் என்று சொல்லி வேப்பிலை அடித்தோம். ஒருநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் வலி வந்துவிட்டது. கங்காணி அவர் வாயை மோந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். தங்கராசு கோபப்படவில்லை. “வாய மோந்து பாத்தீங்க. கண்ணப் பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு நடந்தார். உண்மை என்னவென்றால், சாராயம் ஒரு வாய் பட்டாலே அவருக்கு வலி கிளம்பிவிடும். கல்யாண வீட்டில்கூடத் தொடமாட்டார். இந்தத் தோட்டத்தில் குடிக்காத ஆண்களை எண்ண ஒரு கை போதும். அதில் ஒரு விரல் அவர்.

பதுளை ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். இளம் டொக்டர் சிங்களத்தில் கேட்டதை நர்ஸ் தமிழில் சொன்னார்: “வலி வந்தா படுப்பீங்களா, நடப்பீங்களா?” தங்கராசு அப்படியே நின்றுவிட்டார். அவராகச் சொல்லியும் நாம் நம்பாத ஒன்றை, சொல்லாமலே ஒருவர் கேட்கிறார். கொத்துத் தலைவலி என்று பெயர் சொன்னார்கள். சிலருக்குச் சில மாதங்கள் விட்டுவிட்டு வருமாம், இவருக்கு விடாமல் வரும் வகையாம். வெளியே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து அழுதார். “பாருங்கண்ணே, இன்னைக்குத்தான் ரெண்டு கண்ணும் அழுவுது,” என்றார்.

தினம் போடக் குளிசை கொடுத்தார்கள். வலி வந்தால் டிஸ்பென்சரியில் முகமூடி மாட்டி ஒட்சிசன் பிடிக்கச் சொன்னார்கள். அது பிடித்தால் பலநாள் கேட்கும், சிலநாள் கேட்காது. அதற்கும் நம் ஆட்கள் விடவில்லை. ஊர் ஆண்கள் சாராயம் குடிக்கப் போனால் தங்கராசு காற்றுக் குடிக்கப் போகிறார் என்றார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். “வாங்க, ஒரு கிளாஸ் ஊத்துறேன்,” என்பார்.

நான் எழுத்துப் படித்த கதையும் அவரால் வந்ததுதான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பதுளை பஸ் நிலையத்தில் வலி பிடித்துவிட்டது. கண்ணைத் திறக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். யாரையும் கேட்கக் கூச்சப்பட்டு, தெரிந்த பஸ் மாதிரி இருந்ததில் ஏற்றிவிட்டேன். ஹாலிஎல தாண்டியபோதுதான் பண்டாரவளைக்குப் போகிறோம் என்று தெரிந்தது. வலி விட்டிருந்த தங்கராசு சீட்டில் சாய்ந்து குலுங்கக் குலுங்கச் சிரித்தார். “எழுத்து தெரிஞ்சவனுக்குக் கண்ணு இல்ல, கண்ணு இருக்கிற உங்களுக்கு எழுத்து இல்ல. நம்ம ரெண்டு பேரையும் சேத்தாத்தான் ஒரு ஆளுண்ணே.”

அந்த வாரமே வகுப்பில் சேர்ந்தேன். கண் ஆஸ்பத்திரிக்கு என்னைப் பதுளைவரை கொண்டுவிட அவர்தான் வந்தார். பஸ்ஸுக்கு முன்னால் நின்று இரண்டு கண்ணையும் வேண்டுமென்றே மூடிக்கொண்டு, “நான் குருடு. நீங்க வாசிங்க,” என்றார். புரை படர்ந்த கண்ணோடு கிட்டப் போய் வாசித்தேன். பதுளை. சரியான பஸ்ஸில் ஏறினோம். அதுதான் நாங்கள் கடைசியாகப் போன பயணம்.

பசறைச் சுவருக்கு முன்னால் நின்றபோது என் இரண்டு கண்களும் நிறைந்துவிட்டன. கத்தி வைத்த கண்ணைத் தொடக்கூடாது என்பதால் மற்றதை மட்டும் துடைத்துக்கொண்டேன். முந்தாநாள் மத்தியானம், அவருக்கு வலி வரும் நேரத்தில், என் கை தானாகச் சுவரைத் தட்டிவிட்டது. தட்டிய பிறகுதான் நினைவு வந்து கூசிப்போனேன். அந்தப் பக்கத்திலிருந்து சரோஜா பதிலுக்குத் தட்டினார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இந்தத் தட்டலும், இந்த எழுத்தும். அவர் கேட்டது இன்னும் பாக்கி இருக்கிறது. கங்காணியிடம் பேசினேன், அன்று மோந்து பார்த்தவரேதான். ஒரு பலகையைத் தேடி இழைத்துக் கொண்டுவந்து தந்தார். “பெருசா எழுதுங்க பெரியவரே, எனக்கும் தெரியணும்,” என்றார். பெரட்டுக் களத்தில் மாட்டப்போகிறோம். ஒரு கண் மட்டும் சிவந்து, ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்து, உட்கார முடியாமல் ஒருவர் நடந்தால் அவரை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போங்கள் என்று அதில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே அவர் சொன்னது வரும்: வாயை மோந்து பார்க்கும் முன் கண்ணைப் பாருங்கள்.

பெயின்ட் வாங்கிவிட்டேன். பலகை பெரிது, என் கை மெதுவானது. அடுத்த வாரம் எழுதிவிடுவேன்.